வலம் வந்த கிணறு

பொட்னூரு ஹைமாவதிக்கு எங்கள் அறையில் 'டாக்டரம்மா' என்று பெயர். பாசத்தில் வைத்த பெயர் இல்லை. எல்லோரும் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கும்போது, இவள் மட்டும் ஒவ்வொரு நிலத்துக்கும் நாடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்.

மாவட்டம் முழுக்க நிலத்தை மறுபடி அளக்கிறார்கள். சர்வேயர்கள் செயற்கைக்கோளோடு பேசுகிற ஒரு கம்பைத் தூக்கிக்கொண்டு எல்லையோரமாக நடப்பார்கள். அவர்கள் நடந்த வழி கோடாகி எங்கள் கணினிக்கு வந்து சேரும். கோடு ஒழுங்கான வளையமாக இருந்தால் கணினி அதை நிலம் என்று ஒத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் 'செல்லாது' என்று சிவப்பாக்கிவிடும். கோடு தன்னையே குறுக்கே வெட்டியிருந்தால் அதற்கு நாங்கள் வைத்த பெயர் உடுக்கை. ஒரு முனை மட்டும் எங்கோ நீட்டிக்கொண்டிருந்தால் மூக்கு. முடிவு வந்து தொடக்கத்தோடு சேராவிட்டால் வாய்பிளந்தான். எல்லாச் சீக்குக்கும் ஒரே மருந்தாக 'சரியாக்கு' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் சிவப்பு பச்சையாகும். பச்சை எவ்வளவு, அதுதான் எங்கள் சோறு.

நான் இந்தத் தெலுங்குப் பக்கம் வந்து தலை நரைத்துவிட்டது. வரைபடம் அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. விஜயநகரத்துக்கும் பொப்பிலிக்கும் நடுவில் ஒரு மிட்டாய்க்கடை மாடியில் எங்கள் காண்டிராக்ட் கம்பெனி. ஹைமாவதி எனக்குப் பக்கத்து மேசை. என்னை 'மாஸ்டாரு' என்பாள், இந்த ஊர்ப் பேச்சில் வாத்தியார். சணல் ஆலையில் கணினியில் உட்கார்ந்திருந்தவள். ஆலையைப் பூட்டியபின் இங்கே வந்தாள். புருஷன் வடக்கே பரதீப் என்கிற துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவன், சங்கராந்திக்குப் போன் செய்வான், வரமாட்டான். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்ணையும் மாமியாரையும் இவள்தான் பார்த்துக்கொண்டாள். வாய் கொஞ்சம் நீளம். இனிப்பான மனுஷி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சிவப்பாக ஒரு நிலத்தைக் கண்டால் அவளால் பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா போக முடியாது. ஏன் சிவப்பு என்று தெரிந்தாக வேண்டும். சர்வேயருக்குப் போன் போட்டு, "அந்த மூலையில என்ன இருக்கு, புளியமரமா, குட்டையா, ஏன் வளைஞ்சு போன?" என்று குடைவாள்.

"மேடம், காய்ச்சல்னா மாத்திரை குடுங்க. கொசு எந்த ஊரு கொசுன்னு விசாரிக்காதீங்க," என்பான் இன்சார்ஜ் கிஷோர். விசாகப்பட்டினத்தில் படித்துவிட்டு வந்த பையன். கெட்டவன் இல்லை. மேலிடத்துக்குப் பயந்தவன், அவ்வளவுதான். பயந்தவன் செய்கிற கெடுதலைக் கெட்டவன்கூடச் செய்யமாட்டான் என்பது என் அனுபவம்.

அந்த அறைக்குத்தான் ஒரு நாள் பைடம்மா படியேறி வந்தாள். கும்மடிவலச என்கிற கிராமத்துக்காரி, ஐம்பது தாண்டியவள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இங்க பூமி எழுதுறது யாரு?"

"யாரும் எழுதுறதில்ல பெரியம்மா. மெஷின்தான் எழுதுது," என்றான் கிஷோர்.

"அப்ப மெஷினக் கூப்பிடு. என் கிணத்த எங்க வச்சதுன்னு அதுகிட்டயே கேட்டுக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். ஹைமாவதி மட்டும் எழுந்து போய் அவளை உட்காரவைத்து, "எந்த ஊரு அக்கா?" என்றாள்.

பைடம்மாவின் புருஷனும் அவன் தம்பி அப்பலசாமியும் நிலத்தைப் பாகம் பிரித்தபோது, கிணறு அப்பலசாமி பங்குக்கு நடுவில் விழுந்துவிட்டது. அந்தப் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிலத்தைப் பிரிப்பார்கள், கிணற்றைப் பிரிக்கமாட்டார்கள். கிணறும் அதற்குப் போகிற வரப்பும் யார் பங்கிலும் சேராமல் பொதுவில் நிற்கும். ஒரு நாள் அவனுக்குத் தண்ணீர், ஒரு நாள் இவளுக்கு. புருஷன் செத்தான், முறை சாகவில்லை. இப்போது புது பாஸ்புத்தகம், நம் பக்கத்துப் பட்டா மாதிரி, வந்திருக்கிறது. அதில் அப்பலசாமியின் நிலம் கிணற்றோடு சேர்ந்து ஒரே துண்டு. மோட்டார் அறையைப் பூட்டிவிட்டான்.

"என்ன சொல்றான் தெரியுமா? 'வதினா, கிணறு பொதுன்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன். கவர்மெண்டே என்னுதுன்னு சொல்லிருச்சு. கவர்மெண்டோட சண்ட போட நான் யாரு'ங்கிறான். காலமெல்லாம் அண்ணி அண்ணின்னு என் கையால கூழு வாங்கிக் குடிச்சவன்."

"வயல்ல என்ன நிக்குது?"

"மக்காச்சோளம். கதிர் பிடிக்கிற நேரம். இந்த நேரத்துல தண்ணி இல்லன்னா மாட்டுக்குத்தான் ஆகும்."

ஹைமாவதி அந்த நிலத்தைத் திறந்தாள். பச்சையாக, மாசு மருவில்லாமல் இருந்தது. அப்புறம் சர்வேயர் முதலில் நடந்த கோட்டை எடுத்தாள். சிவப்பு. நிலத்தின் எல்லையைச் சுற்றி வந்த கோடு, அப்படியே வரப்போடு உள்ளே போய், கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றி, போன வழியே திரும்பி வந்திருந்தது. அதற்கும் எங்களிடம் பெயர் இருந்தது, தொப்புள்கொடி. கிணறு உள்ள ஊர்களில் எல்லாம் வரும். கோடு போன வழியிலேயே திரும்புவதால் கணினி செல்லாது என்றுவிடும். பொத்தானை அழுத்தினால் கொடி போய், நிலத்துக்குள் ஓட்டையாகக் கிணறு நிற்க வேண்டும். இங்கே கொடியும் போய், கிணறும் போயிருந்தது.

"நீ வீட்டுக்குப் போ அக்கா. நான் பாக்குறேன்," என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கிணற்றுப் பைத்தியம் பிடித்தது. பழைய தொப்புள்கொடிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கண்ட இடத்திலெல்லாம் கிணறு மூடிக் கிடந்தது. வேறு எந்த வேலையையும் அவள் பார்ப்பதில்லை என்று கிஷோர் முணுமுணுத்தான். ஒரே ஒரு சர்வேயர் அளந்த ஊர்களில் மட்டும் கிணறெல்லாம் ஓட்டை ஓட்டையாக உயிரோடு இருந்தது. யேசுபாதம் என்று ஒரு ஆள். அவனுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"யேசுபாதம், கிணத்த நீ எந்தப் பக்கமா சுத்துவ?"

"ஏன் மேடம், தப்பாயிருச்சா?"

"தப்பாகாததுதான் எனக்குப் பிரச்சன. சொல்லு."

"டிரெய்னிங்ல சொன்னாங்கல்ல, நடக்கும்போது நெலம் வலது கைப்பக்கமே இருக்கணும்னு. அப்ப கிணறு எடது கைப்பக்கம்தான வரும். எடமா சுத்துவேன்."

"மத்தவங்க ஏன் அப்படிச் சுத்தல?"

அந்தப் பக்கம் அவன் சிரித்தது எனக்கே கேட்டது. "அவங்க எப்படி மேடம் சுத்துவாங்க? கிணத்தடியில கங்கம்மா சாமி கல்லு இருக்கு. அதை எடமா சுத்துறது சாவு வீட்டுக்காரன் சுடுகாட்டுல பண்ற வேலை. சர்வேயருக்கு மனசு வராது. அவனுக்கு வந்தாலும் நெலத்துக்காரன் விடமாட்டான், முன்னாடி போயி நின்னு வலமாக் கூட்டிட்டுப் போவான். நான் போனா, 'அவன் சர்ச்சுக்காரன், அவனுக்குத் தோஷம் ஒட்டாது'ன்னு விட்டுருவாங்க."

போனை வைத்துவிட்டு ஹைமாவதி ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டினாள். "மாஸ்டாரு, இங்க பாருங்க. இந்தப் பொத்தான் சுத்தை எண்ணுது. நெலத்தை வலமா ஒரு சுத்து, கிணத்த எடமா ஒரு சுத்து வந்தா, ஒன்னுக்கு ஒன்னு கழிஞ்சு கிணத்துக்குள்ள ஒன்னுமில்லன்னு ஆயிரும். அது ஓட்டை. ரெண்டும் வலமா வந்தா, கிணத்துக்குள்ள ரெண்டு சுத்துன்னு எண்ணி, அடேயப்பா இது கெட்டியான நெலம்னு மூடிருது."

கும்பிட்டுச் சுற்றினார்கள், சுற்றியதாலேயே கிணறு போயிற்று. இத்தனை ஊர் ஜனங்களும் இத்தனை சர்வேயர்களும் ஒருவர் தவறாமல் பக்தியாக நடந்து, அண்ணன் தம்பிப் பொதுக்கிணற்றை எல்லாம் ஒருத்தன் வாயில் ஊட்டியிருக்கிறார்கள். சாமிக்கு இதில் பங்கு உண்டா என்று நான் கேட்டால் பாவம் என்பார்கள்.

ஹைமாவதி கிஷோரிடம் போனாள். அவன் பொறுமையாகவே கேட்டுக்கொண்டான்.

"புரியுது மேடம். ஆனா இதெல்லாம் செல்லும்னு மெஷினே சொல்லிருச்சு. மேல குடுத்தாச்சு. எரர் ஜீரோ. ஜீரோவைப் போயி ஏன் நோண்டுறீங்க?"

"செல்லும்னா சரின்னு அர்த்தமா? கோடு ஒழுங்கா இருக்குன்னுதான் அர்த்தம். கிணறு யாருதுன்னு அதுக்கு என்ன தெரியும்?"

"நமக்கும் தெரியாதே மேடம். தெரிஞ்சவங்க மனு குடுக்கட்டும். மனு வந்தா மறுபடி நடக்கலாம். மனு வராத கிணத்துக்கு நீங்க ஏன் அழுறீங்க?"

அவ்வளவுதான். பைடம்மா ஒருத்தி படியேறி வந்தாள், அவளுக்கு மனு எழுதிக்கொடுத்தோம். படியேறாதவர்களின் கிணறுகள் இன்றைக்கும் பச்சையாகத்தான் இருக்கின்றன. மூடியது மூடியபடி.

மனு எங்கெங்கோ போய், மறுபடி நடக்கலாம் என்று உத்தரவு வருவதற்குள் மக்காச்சோளம் காய்ந்து மாட்டுக்குப் போய்விட்டது. பைடம்மா அடுத்த விதைப்புக்காவது முறைத் தண்ணீர் வேண்டும் என்று காத்திருக்கிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஹைமாவதி விடுமுறை நாளில் யேசுபாதத்தைக் கூட்டிக்கொண்டு கும்மடிவலசக்குப் போனாள். வரைபடத்தைக் கையோடு திருத்தலாம் என்று நானும் கூடப் போனேன். அப்பலசாமி எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தான். அதிலேயே எனக்குச் சந்தேகம். சண்டைக்காரன் இளநீர் கொடுத்தால் குளத்தில் ஏதோ ஆழம் இருக்கிறது.

யேசுபாதம் நிலத்தைச் சுற்றிவந்து வரப்போடு கிணற்றுக்குப் போனான். கிணற்றை இடமாகச் சுற்றக் காலெடுத்து வைத்ததும், குறுக்கே வந்து நின்றது அப்பலசாமி இல்லை. பைடம்மா.

"நில்லு தம்பி. எந்தப் பக்கம் போற?"

"இப்படித்தான் அக்கா போகணும்," என்றாள் ஹைமாவதி. "எடமா சுத்துனாத்தான் உன் கிணறு உனக்கு வரும்."

"எடமாவா? எம்மவன் ஒருத்தன் ஐதராபாத்துல சாரத்து மேல நின்னு செவுத்துக்குப் பெயிண்ட் அடிச்சுட்டிருக்கான். நீ எங்க கங்கம்மாவ எடஞ்சுத்து சுத்தச் சொல்றியா?"

"இவன் போன வருசம் பத்து ஊருல சுத்திருக்கான். எவன் செத்தான்?"

"அது அவங்க ஊரு. அவங்க மகன். எனக்குத் தண்ணியும் வேணாம், ஒன்னும் வேணாம். கம்ப எடுத்துட்டுப் போங்க."

கூடியிருந்த ஊர்க்காரர்களில் ஒருவர்கூட அவளை மறுத்துச் சொல்லவில்லை. அப்பலசாமி வேப்பமரத்தடியில் சாய்ந்துகொண்டு, "வதினா சொல்றது நியாயந்தான மேடம். எங்க வீட்டுலயும் கல்யாணம் வச்சிருக்கோம்," என்றான். குரலில் அத்தனை பணிவு.

ஹைமாவதி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அழுதுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் மண்ணில் குச்சியால் கிறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, "யேசுபாதம், முதல்லேருந்து வா. நெலத்த எடமா சுத்து. கிணத்த வலமாவே சுத்து," என்றாள். பைடம்மா பக்கம் திரும்பி, "நெலத்த எடமா சுத்தலாமா அக்கா, அதுக்கும் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டாள்.

"நெலத்தை எப்படிச் சுத்துனா என்ன? மாடு கூட எப்படியோ சுத்துது."

அவ்வளவு சுலபமான வைத்தியம். ஒன்றுக்கொன்று எதிராக இருந்தால் போதும், எது வலம் எது இடம் என்று அந்தப் பொத்தான் கவலைப்படாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த உத்தரவும் மனுவும் இல்லாமல் கதிர் பிடிக்கிற நேரத்திலேயே இதைச் செய்திருந்தால் என்ன என்று உடனே ஆத்திரமும் வந்தது.

அப்பலசாமி தடுக்கவே இல்லை. "நல்லா சுத்திக்கோங்க," என்றான். யேசுபாதம் இடமாக நிலத்தைச் சுற்றி, வரப்பில் போய், கங்கம்மாவை மரியாதையாக வலம் வந்து திரும்பினான். சின்ன கணினியில் அங்கேயே பார்த்தோம். நிலத்துக்கு நடுவில் வட்டமாக ஓட்டை. குறை ஒன்றுமில்லை என்றது. ஹைமாவதி கிணற்றின் விளிம்புக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஏதோ ஆசையில் பார்த்திருப்பாள்.

கிணற்றுக்குள் தண்ணீர் இல்லை. அடியில் கறுப்பாகக் கொஞ்சம் சேறு, அதில் ஒரு பிளாஸ்டிக் குடம். கங்கம்மா கல் மேல் மஞ்சளும் இல்லை குங்குமமும் இல்லை, சாம்பல் நிறத்தில் மாவு பூசியதுபோல் இருந்தது. பாறையைத் துளைக்கும்போது பறக்கிற தூள். கிணற்றுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில், தென்னை ஓலையைக் குவித்து மூடியிருந்த இடத்தில், நீலக் குழாய் ஒன்று தலையை நீட்டியது.

"போர் எப்ப போட்டீங்க?" என்று ஹைமாவதி கேட்டாள்.

"புது பாஸ்புத்தகம் வந்த உடனே. கிணறு உள்ள நெலம்னு இருந்துச்சா, கரண்ட் கனெக்சன் சீக்கிரமே குடுத்துட்டாங்க," என்றான் அப்பலசாமி. "கிணறு பொதுதான் மேடம். நான் எப்பவாச்சும் இல்லேன்னேனா? வதினா தாராளமா எறச்சுக்கட்டும். போர் என் நெலத்துல இருக்கு. நீங்களே இப்பத்தான் சுத்திப் பாத்தீங்க."

பைடம்மா கிணற்றருகே வரவேயில்லை. போர் உறிஞ்சிக் கிணறு வற்றியது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான், மகன் உயிரைப் பணயம் வைத்து எதற்கு என்று தடுத்திருக்கிறாள். ஹைமாவதியிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இவ்வளவு தூரம் நமக்காக வந்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஹைமாவதி, "கிணத்த வாங்கிக் குடுத்தேன் மாஸ்டாரு, தண்ணியத்தான் விட்டுட்டேன்," என்றாள். நான் வரைபடத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த மழையும் பொய்த்தது. தண்ணீர் இல்லாத நிலத்தை யார் வாங்குவார்கள், பக்கத்தில் போர் வைத்திருப்பவன்தான் வாங்குவான். கோடையில் பைடம்மா மறுபடி எங்கள் மாடிக்கு ஏறி வந்தாள். கூட அப்பலசாமியும் வந்தான். அவள் நிலமும் அவன் நிலமும் பொதுக்கிணறும் இப்போது ஒரே ஆளுடையது, ஒரே துண்டாக வரைந்து தர வேண்டும். அப்பலசாமி ஒரு பொட்டலம் பால்கோவா வாங்கி வந்து கிஷோரின் மேசையில் வைத்தான். கும்மடிவலச ஊர் யாருடைய பொறுப்பு என்று பார்த்து, கிஷோர் அந்த வேலையை ஹைமாவதியிடமே அனுப்பினான்.

பைடம்மா அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, விரலில் கைநாட்டு மை ஒட்டியிருந்ததைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். மகனிடம் ஐதராபாத்துக்குப் போகிறாளாம். அங்கே காவல்காரர் அறையில் தங்கிக்கொள்ளலாமாம்.

"என் கையில இருந்தா இப்படி விட்டிருக்கமாட்டேன் அக்கா," என்றாள் ஹைமாவதி. "எந்த எடத்துல தப்புன்னு நான் கண்டுபிடிச்சேன்."

"கண்டுபிடிச்ச தாயி, யாரு இல்லேன்னா," என்றாள் பைடம்மா. ஹைமாவதியின் கன்னத்தை ஒரு தடவை தொட்டாள். "ஆளு போனதுக்கப்புறம் சீக்கோட பேரு தெரிஞ்சா என்ன, தெரியலேன்னா என்ன?"

ஹைமாவதி நடு வரப்புக் கோட்டை அழித்தாள். கிணற்று வட்டத்தை அழித்தாள். இரண்டு நிலத்தையும் ஒன்றாக்கினாள். கணினி ஒரு சிவப்பும் காட்டவில்லை. அச்சடிக்க என்னிடம் அனுப்பிவிட்டு, அடுத்த ஊரைத் திறந்தாள். அதில் முதலாவதாக வந்தது ஒரு தொப்புள்கொடி. யாருக்கும் போன் செய்யவில்லை. பொத்தானை அழுத்தினாள்.